செவியும் கணக்கும்: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் சைக்கிள் கடைகளில் ஓசையறிந்து பழுது கண்ட மரபு

மிதிவண்டியில் எழும் ஓசையைக் கேட்டு அதன் பழுதைக் கண்டறிவது, திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருபதாம் நூற்றாண்டின் சைக்கிள் கடைகளில் ஏட்டில் ஏறாமல் கைமாறி வந்த ஓர் அறிவு. இதைப் பிறவிச் செவித்திறன் என்று வியந்து கடந்துவிடுவது எளிது. ஆயினும் எத்தகைய இயந்திரத்தைச் சார்ந்து, எவ்வகைத் தொழில் ஒழுங்குக்குள் இவ்வறிவு உருவாயிற்று என்று ஆராய்ந்தால், அது காதின் கூர்மையைவிடக் கணக்கின் ஒழுங்கையே பெரிதும் நம்பியிருந்தது என்பதும், மூன்று தலைமுறைக் காலம் பெரிதும் மாறாதிருந்த ஒரே வகை வண்டிதான் அந்தக் கணக்குக்கு இடம் தந்தது என்பதும் விளங்கும்.

சக்கரத்தின் ஓசை காவிரிக்கரைக்குப் புதிதன்று. நெல்லையும் வாழைத்தாரையும் சந்தைக்குக் கொண்டுவந்த மாட்டுவண்டிகளில் அச்சு காய்ந்தால் சக்கரம் கிறீச்சிடும்; விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்த வண்டி மையை இட்டால் அந்த ஓசை அடங்கும். இரண்டு சக்கரங்களும் ஓர் அச்சும் மட்டுமே உராயும் அவ்வண்டியில் ஓசை எங்கிருந்து வருகிறது என்ற ஐயத்துக்கு இடமில்லை. இடக்கை மாட்டின் பக்கமா, வலக்கை மாட்டின் பக்கமா என்பதற்கு மேல் கேள்வியும் எழுவதில்லை. மிதிவண்டியிலோ, ஒரே எஃகுச் சட்டத்துக்குள் பல சுழற்சிகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஓசையின் இருப்பிடமே தேடிக் காணவேண்டிய பொருளாகிவிட்டது.

இச்சிக்கல் மிதிவண்டியோடு பிறந்ததன்று, சங்கிலியோடு வந்தது. 1870களில் ஐரோப்பாவில் ஓடிய உயரமான முன்சக்கர வண்டிகளில் மிதிகட்டைகள் அச்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தமையால், காலும் சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றன. 1880-இல் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிஸ் நாட்டவர், ஆணிக்கும் உருளைக்கும் நடுவே புஷ் எனப்படும் சிறு குழலை நுழைத்துத் தேய்மானத்தைப் பரந்த பரப்பில் பகிரச் செய்த உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885-இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் வண்டி, சம அளவை நெருங்கிய இரு சக்கரங்களையும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியையும் கொண்டு, இன்றைய மிதிவண்டியின் வடிவத்தை ஏறத்தாழ நிலைநிறுத்தியது. காலின் சுழற்சி ஒரு வேகத்திலும் சக்கரத்தின் சுழற்சி வேறொரு வேகத்திலும், இரண்டையும் இணைக்கும் சங்கிலி மூன்றாவதொரு வேகத்திலும் ஓடத் தொடங்கியது அப்போதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய ஃபிரீவீல், அதாவது மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்போக்கில் உருள விடும் பின்பல்சக்கரம், ஓசையின் குழப்பத்தைக் கூட்டியது. பின்னர் அதைத் தீர்க்கும் முதல் கருவியும் அதுவே ஆயிற்று.

இந்தியாவுக்கு வந்த தொடக்ககால வண்டிகள் கவென்ட்ரி, பர்மிங்காம், நாட்டிங்காம் ஆகிய இங்கிலாந்து நகரங்களின் ஆக்கங்கள். அதிகாரிகளும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஏறிய அவ்வண்டி, படிப்படியாக எழுத்தர், தபால்காரர், பால்காரர் எனப் பலரின் கைக்கும் இறங்கியது. ராலே, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் முதலிய பெயர்கள் தமிழ் வீட்டுப் பேச்சில் புழங்கத் தொடங்கின. விடுதலைக்குப் பின் உற்பத்தி உள்நாட்டுக்கு மாறியது. முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்து 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்க, அதன் ஆலை சென்னையை அடுத்த அம்பத்தூரில் எழுந்தது. வங்காளத்தின் அசன்சாலில் சென்-ராலேயும், 1951-இல் சோனிபட்டில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. ஆலைகள் மாறினவே தவிர, வண்டியின் இலக்கணம் மாறவில்லை. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், அரை அங்குல இடைவெளிச் சங்கிலி, கோட்டர் பின் என்னும் ஆப்பாணியால் அச்சில் இறுக்கப்படும் கிராங்க், கம்பியால் இயங்கும் பிரேக் ஆகியவற்றைக் கொண்ட இங்கிலாந்துச் சாலை வண்டியின் அமைப்பே இங்கு பெரும்பான்மை வண்டிகளில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. ஒரு நிறுவனத்தின் வண்டிக்கு வாங்கிய உதிரிப்பாகம் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் வண்டிக்கும் பொருந்தியதைப் போலவே, ஒரு வண்டியில் கற்ற ஓசையறிவு மற்றொன்றுக்கும் பொருந்தியது.

அவ்வறிவு செழிக்க இவ்விரு ஊர்களின் அமைப்பும் உதவியது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான ஸ்ரீரங்கத்தில், கோயிலின் மதில்களை ஒட்டிச் சதுரம் சதுரமாகச் சுற்றிவரும் உத்தர வீதிகளும் சித்திரை வீதிகளும் மேடுபள்ளமற்றவை. தென்கரையில் மலைக்கோட்டையைச் சுற்றிய கடைவீதிகள் குறுகியவை, நெரிசல் மிக்கவை. 1871 முதல் தனி நகராட்சியாக இருந்து 1994-இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஸ்ரீரங்கத்திலிருந்து, கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் ஆற்றைக் கடந்து செல்வோர்க்குச் சைக்கிள் தக்க வாகனமாயிற்று. 1920களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம்பெயர்ந்ததும், 1960களில் திருவெறும்பூரை ஒட்டிப் பாரத மிகுமின் நிறுவனமும் படைக்கலத் தொழிற்சாலையும் அமைந்ததும், குறித்த நேரத்துக்குள் ஆலை வாயிலை அடையவேண்டிய ஒரு பெரிய தொழிலாளர் கூட்டத்தை இந்நகரத்துக்குக் கொண்டுவந்தன. சங்கு ஊதும் நேரத்துக்குக் கட்டுப்பட்ட ஒருவருக்கு வண்டியின் ஓசை எரிச்சல் மட்டுமன்று. நடுவழியில் நின்றுவிடக்கூடிய பழுதின் முன்னறிவிப்பும் ஆகும்.

அக்காலச் சைக்கிள் கடை விற்பனைக்கூடமன்று. காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, மட்கார்டில் எண் எழுதப்பட்ட சில வாடகை சைக்கிள்கள், மண்ணெண்ணெய்த் தட்டு, சம்மட்டி, ஸ்பானர் ஆகியவையே அதன் உடைமைகள். வேலைக்குச் சேரும் பையன் முதலில் காற்றடிக்கவும், பிறகு பஞ்சர் ஒட்டவும், அதன்பின் கோட்டம் எடுக்கவும், அதாவது நெளிந்த சக்கரத்தின் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் நேராக்கவும் கற்றான். இறுதியாகவே ஓவராயில் அவன் கைக்கு வந்தது. வண்டியை முழுவதும் பிரித்து, பால்ரஸ் எனப்படும் எஃகுக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதிய கிரீஸ் அப்பி, மீண்டும் பூட்டும் வேலைக்கே அப்பெயர். நடு அச்சின் இரு புறமும் கால் அங்குலக் குண்டுகள் பதினொன்று வீதமும், பின்சக்கரத்தில் அதே அளவுக் குண்டுகள் ஒன்பது வீதமும், முன்சக்கரத்தில் அதைவிடச் சிறியவை பத்து வீதமும் இடவேண்டும் என்ற எண்ணிக்கை இவ்வேலையின் மூலம் மனத்தில் பதிந்தது. வாடகை சைக்கிள்கள் பலர் கையில் பட்டு விரைவில் தேய்ந்தமையால், ஒரே அமைப்பில் எல்லா வகைத் தேய்மானமும் எழுப்பும் ஓசைகளைக் கடைக்காரர்கள் தம் சொந்த வண்டிகளிலேயே கேட்டுப் பழக முடிந்தது.

இனி, கணக்கு. முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் ஃபிரீவீலில் 18 பற்களும் கொண்ட ஒரு வண்டியை எடுத்துக்கொண்டால், மிதி ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 2.44 முறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர் ஆதலால், ஒரு மிதிச்சுற்றில் வண்டி ஐந்தரை மீட்டர் அளவுக்கு முன்னேறும். சங்கிலியில் 112 கண்ணிகள் இருந்தால், ஒரு குறிப்பிட்ட கண்ணி புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவர இரண்டரை மிதிச்சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், சக்கரம் நொடிக்கு இருமுறைக்குச் சற்றுக் குறைவாகவும், மிதி ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேலாக ஒரு முறையும், சங்கிலி மூன்றேகால் நொடிக்கு ஒரு முறையும் சுற்றிவரும். இந்த எண்களை எந்தக் கடைக்காரரும் பின்னமாக எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் காலோடு சேர்ந்து வருகிறதா, காலை முந்துகிறதா, காலுக்குப் பிந்துகிறதா என்ற மூன்று கேள்விகளின் வடிவில் இதே கணக்கைத்தான் அவர்கள் போட்டார்கள்.

காலோடு சேர்ந்து, மிதியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நிலையில் டக்கென்று ஒலிப்பது, மிதிகட்டை, கிராங்க், கோட்டர் பின், நடு அச்சு, முன்பல்சக்கரம் ஆகிய ஐந்தில் ஒன்றைச் சாரும். காலை முந்திச் சக்கரத்தின் தாளத்தில் வருவது சங்கிலியைச் சேர்ந்ததன்று; டியூபின் வால்வு ரிம்மில் தளர்ந்து தட்டுவதாகவோ, ஸ்போக்ஸ் கம்பி தளர்ந்ததாகவோ, பின் அச்சின் கோன் உடைந்ததாகவோ இருக்கும். காலுக்குப் பிந்தி, இரண்டரை மிதிக்கு ஒரு முறை வருவது சங்கிலியின் ஒற்றைக் கண்ணியைச் சுட்டும். அது துருவேறி மடங்க மறுக்கும் கண்ணியாகவோ, சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் சிறு தகடு தளர்ந்து கியர் கேஸ் எனப்படும் மூடியில் உரசுவதாகவோ இருக்கலாம். எந்தத் தாளத்துக்கும் அடங்காமல் தொடர்ச்சியாகக் கிறீச்சிடுவது எண்ணெய் காய்ந்த சங்கிலி. நொடிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பற்கள் அதைக் கவ்வி விடுவதால், தனித்தனி அடிகளாகப் பிரித்துக் கேட்க முடியாதவாறு அவ்வோசை ஒரே இழையாக ஓடும்.

இம்மூன்று கேள்விகளுக்கும் முன்னதாக ஒரு கேள்வி இருந்தது: மிதிப்பதை நிறுத்தினால் ஓசை நிற்கிறதா? காலை நிறுத்தி வண்டியை உருள விட்டால் மிதியும் சங்கிலியும் அசையாது நிற்க, சக்கரங்கள் மட்டும் சுழலும். அப்போதும் தொடரும் ஓசைக்கு இயக்கப் பகுதி பொறுப்பன்று. ஃபிரீவீலின் நிலை இதற்கு நேர்மாறானது. மிதிக்கும்போது அதன் உட்பகுதியும் வெளிப்பகுதியும் ஒன்றாகப் பிணைந்து சுழல்வதால் உள்ளே உராய்வே இல்லை. உருளும்போதுதான் அதன் கொக்கிகள் பற்களின் மேல் தாவி ஓசையெழுப்பும். ஆகவே, மிதிக்கையில் மௌனமாயிருந்து உருள்கையில் நறநறக்கும் வண்டியில் ஃபிரீவீலின் குண்டுகளையும், மிதிக்கையில் மட்டும் ஒலிக்கும் வண்டியில் மற்ற உறுப்புகளையும் ஐயுறுவதே முறை.

காலோடு ஒலிக்கும் ஐந்து உறுப்புகளுள் எது என்று பிரிப்பதுதான் தொழிலின் கடினமான பகுதி. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுழற்றினால் ஓசை பெரும்பாலும் எழாது. ஏனெனில் ஏறியவரின் எடையும் மிதிக்கும் விசையும் சேர்ந்தால்தான் தளர்ந்த உறுப்பு அசையும். அதனால் கடைக்காரரே வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்வருவது வழக்கம். சமதளத்தில் வெளிப்படாத ஓசைக்கு, கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டிய மேம்பாலம் போன்ற ஏற்றங்கள் தேவைப்பட்டன. ஸ்ரீரங்கத்தின் சமமான வீதிகளில் ஏற்றத்துக்கு மாற்றாக, பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே அழுத்தி மிதித்துப் பார்க்கலாம். ஒரு காலை எடுத்துவிட்டு மறு காலால் மட்டும் மிதித்தால் எந்தப் பக்க மிதிகட்டை என்பது வெளிப்படும். இரு கிராங்குகளையும் தரைக்கு இணையாக நிறுத்தி அவற்றின்மேல் எழுந்து நின்றால், தளர்ந்த கோட்டர் பின் காலுக்கே தெரியும்படி அசையும். கிராங்கைப் பிடித்துச் சட்டத்தை நோக்கியும் அதை விட்டு விலக்கியும் ஆட்டினால், நடு அச்சைத் தாங்கும் கப் தளர்ந்திருப்பது கையில் படும். இருக்கையிலிருந்து எழுந்து மிதிக்கும்போது ஓசை மறைந்துவிட்டால், பழுது கீழே அன்று, சீட்டின் கம்பியிலும் சுருள்வில்லிலும் இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கடைசிச் சோதனை இன்றியமையாதது என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் அளவில் செல்லும் ஒலி, எஃகில் ஏறத்தாழ 5,000 மீட்டர் வேகத்தில் பரவுகிறது. மேலும் உள்ளீடற்ற குழாய்களால் ஆன சட்டம் அதிர்வை வாங்கித் தன் உடல் முழுவதிலிருந்தும் வெளியிடுகிறது. சீட்டுக் குழாயின் உச்சியில் பிறந்த ஒலி, காலடியில் உள்ள நடு அச்சிலிருந்து வருவதாக ஏறியவருக்குத் தோன்றுவது இதனால்தான். திருப்புளியின் முனையை ஓர் உறுப்பில் ஊன்றி அதன் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழக்கம் இம்மயக்கத்தை ஓரளவு போக்கியது. ஆயினும் அதுவும் கையால் சுழற்றும்போது எழும் ஓசைக்கே உதவும். எங்கிருந்து வருகிறது என்பதில் காது ஏமாறும், எப்போது வருகிறது என்பதில் அவ்வளவாக ஏமாறாது என்பதே கடைகளில் நெடுநாள் பழக்கம் கற்றுத்தந்த முடிவு.

ஓசையைத் தவறாகக் கணிப்பதன் விலையும் அவர்கள் அறிந்ததே. கோட்டர் பின்னின் மறைக்குள் நட்டை முறுக்கி ஆப்பை உள்ளே இழுக்க முயன்றால் மறை அழியும். சம்மட்டியால் அடித்தே அதை உட்செலுத்தவேண்டும், நட்டு அதை நழுவாமல் காக்க மட்டுமே. அவ்வாறு அடிக்கும்போது கிராங்கின் அடியில் கனத்த இரும்பையோ குழாயையோ முட்டுக் கொடுக்காவிட்டால், அடியின் வேகம் அச்சின் வழியே குண்டுகளுக்குப் பாய்ந்து, அவை உருளும் கப்பின் பரப்பில் குழிகளை உண்டாக்கும். அதன்பின் பழைய ஓசை நீங்கி, அதைவிடத் தீராத நறநறப்பொன்று வந்துசேரும். சங்கிலியின் கதையும் இத்தகையதே. ஆற்றுமணலும் தெருப்புழுதியும் எண்ணெயோடு கலந்தால் அது தேய்க்கும் பசையாகி, ஆணியையும் புஷ்ஷையும் அரிக்கும். ஒரு அடி நீளம் இருக்கவேண்டிய 24 கண்ணிகள் அதனினும் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டால் சங்கிலியை மாற்றவேண்டும், எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். அந்நிலையில் புதிய சங்கிலியை மட்டும் போட்டால் அது பழைய பற்களில் அமராமல் தாவி ஒலிக்கும் என்பதால், சங்கிலி, முன்பல்சக்கரம், ஃபிரீவீல் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றும்படி கடைக்காரர் கேட்பதை, வாடிக்கையாளர் பேராசை என்று எண்ணினாலும், அது தொழிலறிவு சார்ந்ததே. அளவுகோல் இல்லாத கடைகளில், முன்பல்சக்கரத்தின் நெற்றியில் சங்கிலியை விரலால் முன்னோக்கி இழுத்து, அடியில் பல் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தே இதை முடிவுசெய்தார்கள்.

இதே நகரத்தின் வேறொரு தொழிலிலும் செவி கருவியாகப் பயன்பட்டது. ரயில்பெட்டியின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, தெளிவாக ஒலித்தால் நலம் என்றும், மழுங்கி ஒலித்தால் விரிசல் என்றும் அறிவது ரயில்வேக்கு உலகெங்கும் பொதுவான முறை. ரயில் சந்திப்பும் பணிமனையும் கொண்ட திருச்சிராப்பள்ளிக்கு அது அந்நியமன்று. ஸ்போக்ஸ் கம்பிகளை விரலால் மீட்டி, மற்றவற்றினும் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பதை இறுக்கும் கோட்ட வேலையும் அந்த முறையைச் சார்ந்ததே. ஆனால் இரண்டிலும் ஆராய்பவரே ஓசையை எழுப்புகிறார், ஒலித்த பொருள் எது என்பதும் முன்பே தெரிந்திருக்கிறது. இயக்கப் பகுதியின் ஓசையிலோ எழுப்பியது எது என்பதே கேள்வி. ஆகையால் ஒலியின் தன்மையைவிட அதன் தாளமே முதன்மை பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் இம்மரபின் அடிப்படை அசையத் தொடங்கியது. 1980-இல் வெளிவந்த டிவிஎஸ் 50, பால்காரரையும் சிறு வணிகரையும் மிதிப்பதிலிருந்து விடுவித்தது. கடைகள் பலவும் மொபெட் வேலைக்கு மாறின. எனினும் வீழ்ச்சி ஒரே சீராக நிகழவில்லை. 1974 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்த புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றனர். 2001-02-இல் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கி, பின்னர் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியர் பலருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம், எளிய ஒற்றைப் பல்சக்கர வண்டியை ஆண்டுதோறும் மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஓவராயிலும் கோட்டமும் அறிந்த கைகளுக்கு இன்றளவும் ஓரளவேனும் வேலை இருப்பதற்கு இத்திட்டமும் ஒரு காரணம்.

உடற்பயிற்சிக்கென வாங்கப்படும் பல கியர் வண்டிகள் வேறு வகைச் சவாலை முன்வைக்கின்றன. அவற்றில் கோட்டர் பின் இல்லை. நடு அச்சின் குண்டுகள் பிரிக்க முடியாத உறைக்குள் அடைக்கப்பட்டுள்ளன. சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் டிரெய்லரில் இரண்டு சிறு உருளைகள் கூடுதலாகச் சுழல்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மிதிக்கும் சக்கரத்துக்குமான விகிதம் ஒவ்வொரு கியருக்கும் மாறுவதால், ஒரே விகிதத்தில் பழகிய காதுக்கு அந்தத் தாளம் பிடிபடுவதில்லை. ஆயினும் கியரை மாற்றினால் ஓசையின் தாளம் காலோடு மாறாது நிற்கிறதா, சக்கரத்தோடு மாறுகிறதா, ஒரு குறிப்பிட்ட பல்சக்கரத்தில் மட்டும் தோன்றுகிறதா என்று கேட்பது, பழைய மூன்று கேள்விகளின் நீட்சியே. மிதிப்பதை நிறுத்திப் பார். இருக்கையிலிருந்து எழுந்து பார். காலோடு வருகிறதா என்று எண்ணிப் பார். பிறகு ஸ்பானரை எடு என்ற வரிசை அந்த வண்டிகளுக்கும் செல்லுபடியாகிறது. ஆகவே அழிந்துவருவது அந்த முறையன்று. ஒரே அமைப்பிலான நூற்றுக்கணக்கான வண்டிகளை ஒரே கடையில் ஆண்டுக்கணக்கில் பிரித்துப் பூட்டியதால், எண்ணாமலே எண்ணத் தெரிந்த பயிற்சிதான். அப்பயிற்சிக்கு இடம் தந்த வண்டியும் வாடகைக் கடையும் குறைந்த ஊரில், அதே விடையை அடைய இன்று தாளத்தை வாய்விட்டு எண்ணவேண்டியிருக்கிறது.